நாற்காலியில் தொண்ணூறு கிலோமீட்டர் வேகம்

பெரியண்ணன் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேக வரம்பை மீறினார்.

அப்படித்தான் அவருடைய கைப்பேசி சொன்னது. வெள்ளிக்கிழமை மதியம். சோறு உண்டு, அதற்கு மேலே ஒரு சொம்பு மோரும் குடித்துவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே கண் சொருகத் தொடங்கியிருந்தார். கைப்பேசி மேசை மேல் குதித்துக் குதித்து அலறியது. எடுத்துப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு. அரவக்குறிச்சிக்கு அப்பால் தொண்ணூறு கிலோமீட்டர் வேகம், வரம்பு எழுபது, பொறுப்பாளி பெரியண்ணன் என்று எழுதியிருந்தது.

அவர் குனிந்து நாற்காலியைப் பார்த்தார். தேக்கு நாற்காலி. அதற்குச் சக்கரம்கூடக் கிடையாது.

“அம்முணீ!” என்று பக்கத்து அறையைப் பார்த்துக் கத்தினார். “இங்க வா. உன்ற மிஷினுக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சு. நானு இங்க உக்காந்திருக்கறேன், தொண்ணூறுல போறேங்குது.”

மிதுலா வந்தாள். கோயம்புத்தூர் கம்பெனிப் பெண். நாமக்கல் தங்காயம்மாள் லாரி சர்வீஸின் முப்பது வண்டிகளுக்கும் புதிய வேக எச்சரிக்கை பொருத்த வந்தவள். பொருத்தி முடிந்த பிறகும், ஓட்டம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஊரிலேயே தங்கியிருந்தாள். திரையைப் பார்த்த அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. பெரியண்ணனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

“கிறுக்கெல்லாம் புடிக்கலைங்கண்ணா. திங்கக்கெழம நீங்க சொன்ன மாதிரியேதான் வேல செய்யுது.”

திங்கட்கிழமை அவர் சொன்னது என்னவோ உண்மைதான்.

அதற்கு முன்னால் இருந்த எச்சரிக்கைக் கருவியின் லட்சணம் ஊருக்கே தெரியும். வண்டி எழுபதைத் தாண்டினால் ஓட்டுநரின் இருக்கை நடுங்கும். ஓட்டுநர்கள் இரண்டு தலையணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அதே நேரம் முதலாளியின் கைப்பேசிக்கும் செய்தி வரும். முப்பது வண்டி, பள்ளம் மேடு எல்லாவற்றுக்கும் ஒரு செய்தி என்று நாள் முழுக்கக் கொட்டியதில், பெரியண்ணன் அதன் வாயை அடைத்து வைத்துவிட்டார். எச்சரிக்கை அதிகமாகி எச்சரிக்கையே இல்லாமல் போயிற்று.

ஆனால் சட்டம் வாயை மூடவில்லை. பெரிய மீறல் ஒவ்வொன்றுக்கும் ஓட்டுநர் பெயரில் ஒரு சிவப்பு விழும். ஒரே ஆண்டில் மூன்று சிவப்பு விழுந்தால் அவருடைய விரல்ரேகைக்கு எந்த லாரியும் திறக்காது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், முழுசாக ஒரு வருடம். குப்புசாமிக்கு அப்படித்தான் பூட்டியது. காஷ்மீர் வரைக்கும் ஓட்டிய மனிதர், இப்போது ஒரு தீவனக் குடோனில் மூட்டை தூக்குகிறார். பழைய சகாக்கள் எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார்.

ஆளில்லா லாரிகள் வந்துவிட்ட காலம்தான். சிமென்ட்டும் இரும்பும் தாமாகவே போய்த் தாமாகவே வந்தன. ஆனால் முட்டையை மட்டும் ஆள் ஓட்டினால்தான் முட்டையாகப் போய்ச் சேரும் என்பதில் நாமக்கல் உறுதியாக இருந்தது. அதனால் ஓட்டுநர்களும் இருந்தார்கள், சிவப்பும் இருந்தது.

போன வருடம் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ‘காரணி’ என்ற புதுக் கருவியைப் பொருத்தினால், சிவப்பு தானாக ஓட்டுநர் தலையில் விழாது. அந்த வேகத்துக்கு யார் காரணமோ அவர் பெயரில் விழும். பெரியண்ணன் அதைக் கேட்டதும் துள்ளிக் குதித்தார். சுங்கச்சாவடிக்காரன், ஓட்டலில் ஒரு மணி நேரம் போன் பேசுகிற ஓட்டுநர், டயர் கடைக்காரன், எல்லாருடைய யோக்கியதையும் இனிமேல் வெளியே வரும் என்பது அவர் கணக்கு.

திங்கட்கிழமை மிதுலா கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்டாள்.

“எத்தன வேகத்துக்கு மேல போனா மணி அடிக்கோணுங்கண்ணா?”

“எழுவது. சட்டம் என்னவோ அதுதான்.”

“எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? ஓவர்டேக் பண்றப்ப சித்த நேரம் தாண்டத்தான் செய்யும்.”

“அதுக்குப் பொறுத்துக்க. அதுக்கு மேல போனா விடாத.”

“எச்சரிக்கை யாருக்குப் போகோணும்?”

பெரியண்ணன் நாற்காலியில் சாய்ந்து, மீசையைத் தடவி, அலுவலகத்தில் இருந்த எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: “எவன் காரணமோ அவனுக்கே போகட்டும். அது எவனா இருந்தாலுஞ் செரி.”

இப்போது அந்த எவன் தேக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“செரி அம்முணி, நாந்தான் சொன்னேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வண்டிய ஓட்டறது மாதேசு. மிதிச்சது அவன் காலு.”

“காலு அவருதுதானுங்க. அவசரம் யாருதுன்னுதான் காரணி பாக்கும்.” மிதுலா பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இன்னைக்கு நடந்த ட்ரிப்ப அது பத்தாயிரம் தடவ மறுக்கா ஓட்டிப் பாக்கும். ஒவ்வொரு தடவையும் ஒண்ண எடுத்துட்டு ஓட்டும். டீ குடிக்காம இருந்திருந்தா? கரூர்ல லைட்டு செவப்பு விழாம இருந்திருந்தா? வூட்டுல இருந்து போன் வராம இருந்திருந்தா? எதை எடுத்தா வேகமும் சேந்து போயிருதோ, அதுதான் காரணம்.”

“எதை எடுத்துச்சு?”

“நம்ம கேட்டுங்க.”

பெரியண்ணனுக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே லாரிப்பேட்டையின் பெரிய இரும்புக் கேட் வெயிலில் மின்னியது.

வெள்ளிக்கிழமைதோறும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஒரு குளிர்பெட்டி லோடு போகும். வளைகுடா போகும் முட்டை. பண்ணைகளில் காலையில் பொறுக்கி, தரம் பார்த்து, பெட்டி கட்டிச் சீல் வைக்கையில் பத்தரை தாண்டிவிடும். கோழிகள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. பெரியண்ணன் பார்ப்பார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அந்த நேரத்தில் தங்காயம்மாள் லாரி சர்வீஸின் கேட் திறக்காது. அவருடைய அப்பா ஒற்றை லாரி வைத்திருந்த காலத்திலிருந்தே திறந்ததில்லை. சாயங்காலம் துறைமுகத்தில் பெட்டி இறக்கும் வாசலை மூடிவிடுவார்கள். கப்பலும் காத்திருக்காது. இடையில் தொலைந்த ஒன்றரை மணி நேரத்தை எங்கேயாவது பொறுக்கியாக வேண்டும். அந்த லோடை ஓட்டும் மாதேஸ்வரன் அதை நாற்கரச் சாலையில் பொறுக்கினான்.

அவன் பெயரில் ஏற்கெனவே இரண்டு சிவப்பு இருந்தது. இரண்டும் வெள்ளிக்கிழமையில் விழுந்தவை.

“அம்முணி, நாப்பத்தஞ்சு வருசமா இந்தப் பேட்ட ஓடுது,” என்றார் பெரியண்ணன். குரல் தாழ்ந்திருந்தது. கோபம் அதிகமானால் அவருக்குக் குரல் தாழும். “எங்க வண்டில அடிபட்டு ஒரு உசுரு போனதில்ல. எங்க டிரைவரு ஒருத்தன் செத்ததில்ல. ஏன்னு நெனைக்கற? நேரங் காலம் பாத்து எடுக்கறதாலதான். உன்ற மிஷினு அதையே குத்தங்கறது.”

மிதுலா தன் கைக்கணினியின் மேல் குனிந்துகொண்டாள்.

“என்ன, வாயத் தொற. கேட்ட மூடுனா என்ன ஆகும்னு அதுகிட்டயே கேளு. பத்தாயிரம் தடவ ஓட்டுச்சில்ல? எத்தன தடவ ஆளு செத்தாங்க?”

“வேண்டாங்கண்ணா.”

“கேளுங்கறேன்.”

அவள் கைக்கணினியில் எதையோ தட்டினாள்.

“பத்தாயிரத்துல நாப்பது தடவைங்கண்ணா. கேட்டு தொறந்திருந்தா ஒண்ணோ ரெண்டோ.”

“பாத்தியா! பத்தாயிரத்துல நாப்பதுதான? நாப்பத்தஞ்சு வருசத்துல ஒண்ணும் ஆகலயே!”

“இன்னும் ஆகலைங்கண்ணா,” என்றாள் மிதுலா.

அந்த ‘இன்னும்’ பெரியண்ணனின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. நாற்பத்தைந்து வருடம் தன்னுடைய பக்தி காப்பாற்றியது என்று அவர் நெஞ்சை நிமிர்த்திய இடத்தில், வெறும் அதிர்ஷ்டம் நின்றுகொண்டிருக்கிறது என்கிறாள் இந்தப் பெண். அவருக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவள் சொன்னது பொய்யென்று நிரூபிக்க ஒரு வழியும் தோன்றவில்லை.

“இப்ப நானு என்ன பண்ணோணும்?”

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லோணுங்க. ரெண்டு பட்டன் இருக்குது பாருங்க. ஏத்துக்கறேன்னா செவப்பு உங்க பேருல விழும். லாரி சங்கத்துக் கட்டடத் திரையில ஒரு வாரம் பேரு ஓடும். உங்க பேருல மூணு விழுந்தா பேட்டைக்கே ஒரு மாசம் பூட்டு. மறுக்கறேன்னா…”

“மறுத்தா?”

“பழைய சட்டப்படி, ஓட்டுனவரு பேருல விழும்.”

மாதேஸ்வரனின் மூன்றாவது சிவப்பு.

அன்று இரவு பெரியண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தார். சங்கத்தில் இருபது வருடம் பொருளாளராக இருந்தவர். அவசரக்குடுக்கை ஓட்டுநர்களைக் கண்டித்து அங்கே மேடை ஏறிப் பேசியவர். அதே கட்டடத் திரையில், வேகமாகப் போனவர் என்று அவர் பெயர் ஓட வேண்டுமா? லாரி ஓட்டாமலே!

மறுநாள் காலையில் மாதேஸ்வரன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். செய்தி வழியிலேயே அவனுக்குப் போயிருந்தது. லாரிப்பேட்டையில் எந்தச் செய்தியும் லாரியைவிட வேகமாகத்தான் போகும். குளித்து, சட்டை மாற்றி, கோயிலுக்குப் போகிறவன் மாதிரி அலுவலகத்துக்குள் வந்து நின்றான். நாற்பதை நெருங்கும் வயது. பதினெட்டு வயதில் கிளீனராக இங்கே வந்தவன்.

“மொதலாளி, நீங்க மறுத்துருங்க,” என்றான்.

பெரியண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க பேரு அந்தத் திரையில ஓடறத நாங்க பாக்கோணுமாங்க? ஒரு வருசந்தான? மச்சான் பண்ணைல வேல இருக்குது. கோழிக்குத் தண்ணி காட்டிட்டு இருந்துக்கறேன். மறுக்கா வந்து சாவி வாங்கிக்கறேன்.”

“கோழிக்குத் தண்ணி காட்டறதுக்கா உனக்கு இருவது வருசம் ஸ்டியரிங் குடுத்தேன்?”

“வேற என்னங்க பண்றது?”

“ஏண்டா, இத்தன வெள்ளிக்கெழம பறந்திருக்கறயே, ஒரு நாளாவது எங்கிட்ட வந்து ‘கேட்டத் தொறங்க, நேரம் பத்தல’ன்னு கேட்டிருக்கறயா?”

மாதேஸ்வரன் திடுக்கிட்டுப் போனான். “ராகு காலத்துலயா? அதெப்படிங் கேப்பேன்? நீங்களே தொறந்தாலும் நானு எடுத்திருக்க மாட்டனுங்க!”

“அப்பறம் எதுக்குடா பறந்த?”

“நேரம் போயிருச்சுங்களே.”

மூலையில் உட்கார்ந்திருந்த மிதுலாவுக்குப் பொறுக்கவில்லை. “ரெண்டு பேருமே ராகுவுக்குப் பயந்து நின்னுட்டு, அப்பறம் எமனத் தொரத்தீட்டுப் போறீங்க,” என்றாள்.

வேறு நேரமாக இருந்தால் அவளை அப்போதே கோயம்புத்தூர் பஸ் ஏற்றியிருப்பார். இப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் வெட்கமாக இருந்தது. மாதேஸ்வரனைப் பார்த்தார். தலையைக் குனிந்து நின்றான். குப்புசாமி சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிற காட்சி அவர் கண் முன்னால் வந்தது. இவனும் ஒருநாள் அப்படித் தன்னைக் கண்டு எதிர்ப்பக்கம் போவானா? தன்னைக் காப்பாற்றுவதற்காகப் பூட்டுப் போட்டுக்கொண்டவன், தன்னைக் கண்டே ஒதுங்கிப் போவானா?

கைப்பேசியை எடுத்தார். இரண்டு பொத்தான்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

“மொதலாளி, வேண்டாங்க…”

“சும்மா இருடா.”

ஏற்கிறேன் என்பதை அழுத்தினார். திரை ஒரு கணம் யோசித்துவிட்டு, பதிவாகிவிட்டது என்றது. மாதேஸ்வரன் அழுதுவிட்டான். ஆளைப் பார்த்தால் அழுகிறவன் மாதிரியே இருக்காது. பெரியண்ணன் அவனை ஏறெடுத்துப் பார்க்காமல், “போயி டீசல் புடி,” என்றார்.

அந்த வாரம் அவர் பட்ட பாட்டைக் கேட்கவே வேண்டாம். சங்கத்துத் திரையில் பெயர் ஓடியது. இருபது வருட நண்பர்கள் கைப்பேசியில் கூப்பிட்டு, “ஏனுங் பெரியண்ணா, சீட் பெல்ட்டாவது போட்டிருந்தீங்களா?” என்று கேட்டார்கள். சலூனில் முடிவெட்டுபவர் நாற்காலியைச் சுற்றிவிடும்போது, “பாத்துங்க, வேகமாப் போகுது,” என்றார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குத்தான் அவரிடம் வழி இல்லை. கேட்டை மூடினால் இன்னொரு சிவப்பு. திறந்தால் எந்த ஓட்டுநரும் எடுக்கமாட்டார். சீக்கிரம் லோடு ஏற்றலாமென்றால் கோழி கேட்காது. தாமதமாகப் போகலாமென்றால் கப்பல் கேட்காது. மிதுலாவின் காரணி காரணத்தைச் சொல்லுமே தவிர, வழியைச் சொல்லாது.

வியாழக்கிழமை சாயங்காலம், பேட்டைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டில், அவர் மனைவி மலர்விழி ஒரு பையில் இரண்டு சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க கெளம்பற?”

“நாளைக்குத் தம்பி வூட்டுக்குப் போகோணும்னு சொன்னனில்ல? பஸ்ஸு ராகு காலத்துலதான் வருது. அதான் இப்பவே பையக் கொண்டுபோயி எதுத்த வூட்டுல பரஸ்தானம் வெச்சுட்டு வந்தர்றேன்.”

பெரியண்ணன் அந்தப் பையையே பார்த்தார்.

பரஸ்தானம். இது எப்படி மறந்து போயிற்று? கிளம்ப வேண்டிய நேரம் சரியில்லையென்றால், நல்ல நேரம் இருக்கும்போதே பயணிக்கிறவரின் பொருள் ஒன்றைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிடுவது. வைத்த அந்த நேரத்திலேயே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு ஆள் எப்போது போனாலும் தோஷம் இல்லை. கல்யாணத்துக்கும் காசிக்கும் வைக்கிற பரஸ்தானத்தைத் தூத்துக்குடிக்கு வைத்தால் என்ன?

“மலரு!” என்று கத்தினார். “நீ மகராசி!”

“பையக் கொண்டுபோறதுக்கா?” என்று மலர்விழி பயந்துபோய்க் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே பேட்டையில் கூட்டம் கூடிவிட்டது. போகிற வண்டி, வந்த வண்டி எல்லாவற்றின் ஓட்டுநர்களும் வேலை இருப்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டு நின்றார்கள். பெரியண்ணன் மாதேஸ்வரனைக் கூப்பிட்டார்.

“உன்ற பையக் குடு.”

மாதேஸ்வரன் தன் பயணப்பையைக் கொடுத்தான். மாற்று லுங்கி, சோப்பு டப்பா, பிள்ளைகளின் படம் ஒட்டிய தண்ணீர் பாட்டில். பெரியண்ணன் அதைத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, சாலையைக் கடந்து எதிரே இருந்த பேக்கரிக்கு நடந்தார். டீ மாஸ்டரிடம், “இது இங்க இருக்கட்டும். தொடாத,” என்று சொல்லி, தேங்காய் பன் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்கு மேலே வைத்தார். பிறகு கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். பத்தரை அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

“இப்ப நீ கெளம்பிட்ட,” என்றார் மாதேஸ்வரனிடம். “புரியுதா? நீ இங்க இல்ல. நீ போயிட்ட.”

மாதேஸ்வரன் கண்ணாடிப் பெட்டியின் மேல் இருந்த பையைப் பார்த்தான். தன் கைகளைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. “ஆமாங் மொதலாளி,” என்றான். “போயிட்டனுங்க!”

சீல் வைத்தபோது பத்தரை தாண்டியிருந்தது. நாற்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாக, ராகு காலத்தில் தங்காயம்மாள் லாரி சர்வீஸின் கேட் திறந்தது. திறந்தது பெரியண்ணன்தான். வேறு யாரையும் விடவில்லை. லாரி மெல்ல வெளியே வந்து, பேக்கரி வாசலில் நின்று, பையை வாங்கிக்கொண்டு, கரூர் சாலையில் திரும்பியது. ஓட்டுநர் ஒருவர் விசிலடித்தார். அடுத்த கணம் பேட்டையில் நின்ற அத்தனை லாரிகளும் ஹாரன் அடித்தன.

பிறகு எல்லாரும் அலுவலகத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு திரையில் ஊர்ந்த ஒரு பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரூரில் அறுபது. அரவக்குறிச்சியில் அறுபத்திரண்டு. “பார்றா, மாட்டு வண்டியாட்ட போறான்,” என்றார் ஒருவர் பெருமையாக. மதுரைக்கு முன்னால் நிறுத்தி அவன் சாவகாசமாகச் சாப்பிட்டான். சாப்பிட்டான்! வெள்ளிக்கிழமை லோடில் மாதேஸ்வரன் உட்கார்ந்து சோறு தின்றதே இல்லை என்று அப்போதுதான் பெரியண்ணனுக்குத் தெரிந்தது. துறைமுக வாசல் மூடுவதற்கு வெகு முன்னாலேயே புள்ளி போய்ச் சேர்ந்தது. கைப்பேசி ஒரு முனகல்கூட முனகவில்லை.

பெரியண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு கையையும் தூக்கினார். சங்கத் தேர்தலில் ஜெயித்தபோதுகூட அவர் அப்படித் தூக்கியதில்லை. ஓட்டுநர்கள் அவரையே தூக்கிவிட்டார்கள். “எறக்குங்கடா, இடுப்பு!” என்று கத்திக்கொண்டே சிரித்தார். கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. மிதுலா பேக்கரியில் இருந்த தேங்காய் பன் அத்தனையும் வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தாள்.

கேலி பேசிய நண்பர்கள் மறுவாரமே வந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். இரண்டு மாதத்தில் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிப்பேட்டைகளுக்கு எதிரே இருக்கிற பேக்கரிகளில் பையோ, துண்டோ, தண்ணீர் பாட்டிலோ வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாதேஸ்வரனின் இரண்டு பழைய சிவப்பையும் மிதுலா பழைய பதிவுகளை வைத்து மறுபடி ஓட்டிப் பார்க்க வைத்தாள். அவையும் கேட்டின் பெயருக்கு மாறின. கேட்டுக்கு விரல் கிடையாது; அதனால் பெரியண்ணன் அந்த இரண்டையும்கூட வாங்கிக்கொள்ளத் தயாரானார். பழையதற்கு முதலாளியைப் பூட்டச் சட்டத்தில் இடமில்லை என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மாதேஸ்வரனின் பெயர் சுத்தமாயிற்று. குப்புசாமிக்காகவும் அதேபோல மனுப் போட்டிருக்கிறார்கள். அது இன்னும் நடக்கிறது.

மிதுலா கோயம்புத்தூர் திரும்பிப் போன பிறகு, மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பெரியண்ணனின் கைப்பேசி மீண்டும் கூப்பிட்டது. பதறிப்போய் எடுத்தார். திரை சிவப்பாக இல்லை. அதுவரை அவர் பார்த்திராத ஒரு வெளிர் நீலம். கூடவே ஒரு படம். என்னவென்று புரியாமல் மிதுலாவைக் கூப்பிட்டார்.

“வந்துருச்சுங்களாண்ணா?” அவள் குரலில் சந்தோஷம் தெரிந்தது. “புதுசா இப்பத்தான் போட்டுவுட்டோம். வேகத்துக்குக் காரணம் யாருன்னு கண்டுபுடிக்குதில்லீங்களா? அப்ப வேகமா போகாததுக்கும் கண்டுபுடிக்கோணுமில்ல? இன்னைக்கு ட்ரிப்ப, அதே எடம், அதே நேரம், கேட்டு மூடுன நாளு அவசரத்த மட்டும் சேத்து மறுக்கா ஓட்டிப் பாத்திருக்குது. படத்தப் பாருங்க.”

லாரியின் முன் கண்ணாடி வழியே எடுத்த படம். வேடசந்தூர்ப் பிரிவு. மழையில் சாலை பளபளத்தது. ஒரு மொபெட் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் தலையில் துண்டைக் கட்டியிருந்தார். பின்னால் ஒரு பெண், பிளாஸ்டிக் காகிதத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அவர் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். இருவரும் லாரி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாதேஸ்வரன் தூரத்திலேயே பிரேக் பிடித்து, அவர்கள் போகட்டும் என்று நிறுத்தியிருந்தான்.

“அந்த அவசரத்துல வந்திருந்தா?” என்று கேட்டார் பெரியண்ணன். இந்த முறை குரல் தானாகவே தாழ்ந்தது.

“மழைங்கண்ணா. தொண்ணூறுல வந்திருந்தா நின்னிருக்காது. பத்தாயிரம் தடவையும் நின்னிருக்காது.”

அவர் கைப்பேசியை மேசை மேல் வைத்துவிட்டு, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்க வந்த மலர்விழி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“யாருங்க இது? நம்ம ஒறம்பரையா, சொந்தக்காரங்களா?”

“தெரியாது.”

“பின்ன எதுக்கு அழுகறீங்க?”

பெரியண்ணன் படத்தைப் பெரிதாக்கி அவரிடம் காட்டினார். சிரிக்கிற அந்தப் பெண்ணின் முகம் திரை முழுக்க நிறைந்தது.

“வூட்டுக்குப் போயிட்டாங்க மலரு,” என்றார். “ரெண்டு பேரும் வூட்டுக்குப் போயிட்டாங்க.”